மில்பிடாஸில் ஒரு தகைவிலான்

சென்ற வாரம் பிரையனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு மியூசியத்தின் பறவைப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவர் அவர். ‘அன்புள்ள ஷென்பா’ என்று ஆரம்பித்திருந்தார். என் முழுப் பெயர் செண்பகவல்லி. இருபத்து மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தும் என் பெயரை யாரும் பாதிக்கு மேல் தாண்டியதில்லை.

விஷயம் இதுதான். பழைய அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு தகைவிலான் குருவியின் அட்டையைக் கணினி ஏற்க மறுக்கிறதாம். ‘இந்த இனம் கலாபகோஸ் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. ஆனால் அட்டையில் சன்னிவேல், ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் என்று நம் பக்கத்து ஊர்கள் மூன்று பென்சிலில் எழுதப்பட்டிருக்கின்றன. யாரோ தவறாக எழுதியிருக்க வேண்டும். அழித்துவிடலாமா?’

‘அழிக்காதே. ஒரு வாரம் பொறு’ என்று மட்டும் பதில் போட்டேன்.

அதற்கு மேல் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்காய்த் துருவல் ஏன் இருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ‘பணி அனுபவம் ஏதாவது எழுதித் தாங்க ஆன்ட்டி’ என்று தமிழ்ச் சங்க மலருக்காக என்னை நான்கு முறை துரத்திய செயலாளரும் இத்தோடு என்னை விட்டுவிடுவார்.

நான் பாளையங்கோட்டையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணமாகி அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்தவள். கணவர் சங்கரன் குபெர்டினோவில் சிப் வடிவமைப்பு வேலையில் இருந்தார். வேலை பார்க்கக் கூடாத விசாவில் ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். கிரீன் கார்டு வந்த வாரமே மியூசியத்துக்குப் போய், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது வேலை கொடுங்கள் என்று நின்றேன். முதல் வருடம் லேபிள் ஒட்டினேன். இரண்டாம் வருடம் ஜன்னலில் மோதிச் செத்த ஒரு சிட்டுக்குருவியின் தோலை உரித்துப் பஞ்சடைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். முட்டைகூடச் சாப்பிடாத வீட்டில் பிறந்தவள் நான். கத்தரிக்கோலைப் பிடித்தேன், கண் இருட்டியது, விழுந்தேன். மறுநாளும் போனேன், மறுநாளும் விழுந்தேன். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்தேன். அதற்குப் பிறகு விழவில்லை.

ஊரில் என் மாமியார் தொலைபேசியில், “அங்க என்ன வேலைம்மா?” என்று கேட்டபோது, “பீரோவுல அடுக்கி வைக்கிற வேலை அத்தை” என்றேன்.

“துணியா?”

“அந்த மாதிரிதான்.”

மருமகள் அமெரிக்காவில் ஜவுளித் துறையில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. சங்கரனுக்கு உண்மை தெரியும். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: “அங்க என்ன வேணா பண்ணு. அதுல ஒரு இறகுகூட நம்ம வாசப்படி தாண்டக் கூடாது.” நியாயமான நிபந்தனைதான். பல வருடம் காப்பாற்றினேன்.

எங்கள் பிரிவின் தலைவி டோரதி. நல்ல உயரம், நரைத்த தலை, வருடம் முழுவதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அது அவருக்குத் திருவிழா. காலையில் வந்ததும் ஏதாவது ஒரு டிராயரை இழுப்பார். அதில் இருபது முப்பது பறவைகள் மல்லாந்து படுத்திருக்கும், காலில் லேபிளும் கண்ணில் பஞ்சுமாக. ஒரு இடம் காலியாக இருந்தால் என் பக்கம் திரும்பி, “எங்கே?” என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் பாதி வேலையைக் கற்றுக்கொண்டேன்.

அவருடைய விதிகள் மூன்று. முதல் விதி, பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பென்சில் அழிந்துவிடுமே என்று முதல் வாரம் கேட்டேன். “மை தண்ணீரில் ஓடும், வெயிலில் வெளுக்கும். பென்சில் இருக்கும், யாராவது வேண்டுமென்றே அழித்தால் தவிர” என்றார். அன்றைய இருபது வார்த்தையில் பாதிக்கு மேல் அதிலேயே செலவாகிவிட்டது.

இரண்டாம் விதி, பறவை டிராயரை விட்டு எங்கே போனாலும் அதன் அட்டை அந்தக் காலி இடத்தில் படுத்திருக்க வேண்டும். எந்த நாள், எந்த ஊர், யார் கையில், என்ன நிலை என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி, ஆனால் சுருக்கமாக.

மூன்றாம் விதி, எதையும் ஒரு கையால் தொடக் கூடாது. குண்டூசி அளவு தேன்சிட்டாக இருந்தாலும் ஒரு கை கீழே, ஒரு கை மேலே. ஒரு முறை வெளியூரிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஒருவர் பேசிக்கொண்டே ஒரு கிளியை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டார். டோரதி அவர் கையிலிருந்து கிளியை வாங்கி டிராயரில் வைத்து, டிராயரை மூடி, விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பேராசிரியர் இருட்டில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து வழிகாட்டி வெளியே கூட்டி வந்தேன்.

இனி அந்தத் தகைவிலான்.

மழை விட்ட மாலையில் நம் ஊர்க் குளத்துக்கு மேலே சாய்ந்து சாய்ந்து பறந்து பூச்சி பிடிக்கும் குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும், உட்கார்ந்த வேகத்தில் கிளம்பிவிடும். அவைதான் தகைவிலான்கள். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை ஊர் ஊராகச் சுற்றுகிறவை. ஆனால் பசிபிக் கடல் நடுவே, ஈக்வடாருக்கு மேற்கே இருக்கும் கலாபகோஸ் தீவுகளில் ஒரு இனம் இருக்கிறது. அந்தத் தீவுகளின் செங்குத்தான பாறை இடுக்குகளில் கூடு வைக்கும், அங்கேயே சுற்றும், அங்கேயே சாகும். வேறு எங்கும் கிடையாது. ஆண் பறவை பளபளவென்று கருநீலமாக இருக்கும். எண்ணிக்கையும் கொஞ்சம்தான். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. நூறு வருடத்துக்கு முன்னால் பாய்க்கப்பலில் வந்த ஆண் பறவை.

அதை டெக்சாஸில் ஒரு ஆய்வாளர் இரவல் வாங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அது பெட்டியில் திரும்பி வந்தது. டோரதி அப்போது நியூ ஜெர்சியில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். செல்பேசி வைத்துக்கொள்ளாதவர். கிளம்பும்போது, “திரும்பி வந்ததும் உனக்கு இரண்டாவது சாவிக்கொத்தைத் தருகிறேன்” என்று சொல்லியிருந்தார். எங்கள் பிரிவில் சாவி என்றால் நிரந்தர வேலை என்று அர்த்தம். அதுவரை எனக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஒப்பந்தம் வந்துவிட்டதா என்று தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். அந்தச் சாவிக்காக நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். பறவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியின் மூலையில், பஞ்சுக்கு அடியில், ஒரு வண்டுப் புழுவின் உரித்த தோல் கிடந்தது. அந்த வண்டுதான் எங்கள் எமன். இறகு, தோல் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். முட்டை ஒன்று இருந்தாலும் போதும். அதனால்தான் வெளியே போய் வரும் ஒவ்வொரு பறவையையும் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் உறைய வைத்த பிறகே டிராயரில் சேர்ப்போம். பறவையைப் பையில் போட்டுவிட்டு ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. பழுதுபார்ப்பவருக்கு ஃபோன் செய்தேன். அடுத்த புதன்கிழமை வருகிறேன் என்றார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள யாரும் அடுத்த பிரிவில் போய், மீன்காரர்களிடமோ பாம்புக்காரர்களிடமோ ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் கேட்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. டோரதி இல்லாத முதல் வாரமே இவள் தடுமாறுகிறாள் என்று பேச்சு வந்துவிட்டால் சாவி என்ன ஆவது? என் வீட்டு கராஜில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர் இருந்தது. அட்டையில் ‘ஃப்ரீசர், வெள்ளி’ என்று எழுதி டிராயரில் வைத்தேன். யாருடைய ஃப்ரீசர் என்று எழுதவில்லை. சுருக்கமாக எழுத வேண்டும் என்பதுதானே விதி?

வீட்டில் பறவை நீளவாக்கில் படுக்கிற மாதிரி ஒரு டப்பா தேடினேன். மாம்பழ ஐஸ்கிரீம் டப்பா ஒன்று அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. பையோடு உள்ளே வைத்து, மூடி, கராஜ் ஃப்ரீசரின் அடியில் ஒரு ஓரமாக வைத்தேன். சங்கரனிடம் சொல்லவில்லை. இறகு வாசற்படி தாண்டவில்லை, கராஜ் கதவு வழியாகத்தான் வந்தது என்று மனதுக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரீமான்ட்டிலிருந்து கோமதி அக்கா சாப்பிட வந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போன தடவை அவர் கூட்டுக் கொண்டு வந்த பாத்திரம் என்னிடம் இருந்தது. அவர் கிளம்பும் நேரம் பார்த்து நான் மாடியில் ஃபோனில் இருந்தேன். சங்கரன் வழியனுப்பினார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குப் பாடம் எடுத்ததே நான்தான். அவர் கராஜுக்குப் போயிருக்கிறார். ஃப்ரீசரைத் திறந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெப்பநிலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். டப்பா இல்லை. மேலே கீழே எல்லாவற்றையும் வாரிப் போட்டேன். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பரோட்டா, பலாச்சுளை எல்லாம் இருந்தன. நூறு வருடத்துப் பறவை இல்லை.

“ஏங்க! இங்க இருந்த மேங்கோ ஐஸ்கிரீம் டப்பா எங்க?”

டோரதியின் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. சங்கரன் காபியோடு வந்தார்.

“கோமதி அக்காகிட்ட குடுத்து விட்டேனே.”

“குடுத்தீங்களா? என்னன்னு பாத்தீங்களா?”

“என்னத்தப் பாக்கணும்? நம்ம வீட்டு ஐஸ்கிரீம் டப்பால என்னைக்கு ஐஸ்கிரீம் இருந்துருக்கு? தேங்காத் துருவல்தானே. சும்மாவா குடுக்க முடியும், நீதானே சொல்லுவே.”

“அது தேங்கா இல்லைங்க.”

“பின்ன என்ன?”

சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார். ஃப்ரீசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப ஃப்ரீசரைப் பார்த்தார்.

“முருங்கைக்கா பக்கத்துலயா வச்சிருந்தே?” என்றார், மிகவும் மெதுவாக.

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கோமதி அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

“அக்கா, நேத்து அவர் ஒரு டப்பா குடுத்தாரே, அத ஃப்ரீசர்லதானே வச்சிருக்கீங்க?”

“எங்க வீட்ல ஏற்கெனவே நாலு டப்பா தேங்கா கெடக்கு. அதான் காலைலயே பிரேமா வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன். இன்னைக்கு அவ பொண்ணு கீர்த்திக்கு வளைகாப்புல்லா, மறந்துட்டியா? எம்பது பேருக்குத் தேங்கா சாதம் கிண்டுதா. ஏன், என்னாச்சு?”

“திறந்து பாத்தீங்களாக்கா?”

“நான் எதுக்குத் தொறக்கப் போறேன்? ஏட்டி, ஏன் இப்பிடிப் பதறுதே?” அக்காவின் குரல் சட்டென்று தணிந்தது. “உள்ள நகைய ஒளிச்சு வச்சிருந்தியா?”

ஃப்ரீசர் டப்பாவில் நகை ஒளிக்கிற வீடுகள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. “ஆமாக்கா, அது மாதிரிதான்” என்றேன். ஜவுளிக்கு அடுத்தபடியாக நகை.

“அய்யோ! நீ உடனே கெளம்பு, நானும் வாறேன். யாருட்டயும் மூச்சு விட மாட்டேன்” என்றார் அக்கா.

பிரேமா வீடு மில்பிடாஸில், சன்னிவேலிலிருந்து ஞாயிறு காலையில் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் நான் ஃப்ரீவேயில் அழுதுகொண்டேதான் ஓட்டினேன். சாவி போய்விடும் என்ற அழுகை பாதி. மீதிப் பாதி அந்தப் பறவைக்காக. நூறு வருடம் யார் யாரோ இரண்டு கையால் ஏந்திக் காப்பாற்றிய ஜீவனை நான் கொண்டுபோய்த் தாளிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறேனே! அது போக, வளைகாப்பு வீடு. சுமங்கலிகளும் சந்தனமும் பன்னீருமாக இருக்கிற இடத்தில், பிள்ளைத்தாச்சியின் முன்னால், ஒரு செத்த பறவை டப்பாவிலிருந்து எழுந்தருளினால் பிரேமா என்னை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டாள்.

பட்டுப்புடவைகூட இல்லாமல், வீட்டில் போட்டிருந்த சுடிதாரோடு உள்ளே போனேன். கூடத்தில் கூட்டம். நேரே அடுக்களைக்குப் போனேன். மூன்று ஆன்ட்டிகள் பெரிய சட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, பெருங்காயம் வீடு முழுக்க மணந்தது.

“தேங்காத் துருவல் எங்க?” என்றேன்.

“அதத்தான் நாங்களும் தேடுறோம்” என்றாள் பிரேமா. “உருகட்டும்னு இங்கதான் கவுண்டர்ல வச்சேன், ஒரு மணி நேரமா. இப்பக் காணோம். கீர்த்தியையும் காணோம். வளையல் போட எல்லாரும் காத்திட்டிருக்காங்க, இவ எங்க போனாளோ!”

மூளை ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. கீர்த்தி இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அந்த வீட்டில் இருந்த எண்பது பேரில், மாம்பழ ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்தால் உள்ளே மாம்பழ ஐஸ்கிரீம் இருக்கும் என்று நம்பக்கூடிய ஒரே ஆள் அவள்தான். ‘சடங்கு முடிந்துதான் சாப்பாடு’ என்று காலையிலிருந்து அவளைப் பட்டினி வேறு போட்டிருந்தார்கள்.

ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். துணி துவைக்கிற அறையில் கீர்த்தி இருந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. பாட்டி உறவு ஒருத்தி முதலில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் டப்பாவைத் தாங்கியிருந்தாள். டப்பா திறந்திருந்தது. வலது கையில் ஒரு ஸ்பூன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, திஸ் இஸ் நாட் மேங்கோ.”

“பையைத் திறந்தியா?” என்றேன். குளிர்ந்த பையைத் திறந்தால் ஈரக் காற்று உள்ளே போய் இறகில் நீர் பூத்துவிடும். உலகத்தில் அந்த நேரத்தில் எனக்கு இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

“நோ. லிட் மட்டும்தான் ஓப்பன் பண்ணேன். இது உங்களோடதா?”

கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழுவதையும் சொன்னேன். மியூசியம், டோரதி, சாவி, சங்கரன், கோமதி அக்கா. அவள் ஸ்பூனை டிரையர் மேல் வைத்தாள். பிறகு யாரும் சொல்லித் தராமல், ஒரு கையைக் கீழே கொடுத்து, மறு கையால் மேலே அணைத்து, அந்தப் பையை டப்பாவிலிருந்து தூக்கினாள். வளையல்கள் சத்தம் போட்டன. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பறவையின் முதுகு கருநீலமாக மின்னியது.

“வாவ்” என்றாள். “எப்போ டெட் ஆச்சு?”

“நூறு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அபசகுனம் அது இதுன்னு...”

“ஹண்ட்ரட் இயர்ஸ்? ஆன்ட்டி, எங்க வீட்டு அரிசியவிட இது கிளீனா இருக்கு.” பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க இருக்கும் இது?”

“கலாபகோஸ்ல. பாறை இடுக்குல கூடு கட்டும். அந்தத் தீவை விட்டு வேற எங்கயும் போகாது.”

“எங்கயுமே போகாதா?”

“போகாது.”

“பட் இட் கேம் டு மை பேபி ஷவர்” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. குலுங்கிச் சிரித்தாள், பறவை மட்டும் அசையாதபடி. ‘இப்ப என்ன பண்ணணும்?’ என்று கேட்டாள். உடனே ஐஸில் வைக்க வேண்டும் என்றேன். பையை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். எழுந்து நின்றாள். “நீங்க பேசாதீங்க. ஐ வில் ஹேண்டில்.”

டப்பாவை என் துப்பட்டாவுக்குள் மறைத்து, அவள் முன்னே, நான் பின்னே. கூடத்து முனையில் பிரேமா பிடித்துக்கொண்டாள்.

“எங்கடி போன? ஆமா, தேங்கா டப்பாவ நீ பாத்தியா?”

“சாப்பிட்டுட்டேம்மா” என்றாள் கீர்த்தி.

“எத?”

“அந்தத் தேங்காவ.”

“அவ்வளவையுமா? பச்சையாவா?”

“ஆல் ஆஃப் இட்.”

கூடத்தில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு ஆன்ட்டி, “மசக்கை ஆசைதான, விடு பிரேமா, பிள்ளை செவப்பாப் பொறக்கும்” என்றார். இன்னொருவர் திருஷ்டி கழித்தார். பிரேமா பெருமையும் கவலையுமாக மகளைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழம் நறுக்க ஓடினாள். அன்று எண்பது பேரும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். வாசலில் கோமதி அக்கா என் கையைப் பிடித்து, “எல்லாம் இருக்கா, எண்ணிப் பாத்துட்டியா?” என்று ரகசியமாகக் கேட்டார். “ஒண்ணுதான்க்கா, இருக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பறவையை மறுபடி ஃப்ரீசரில் வைத்தேன். உருகிவிட்டால் முதல் நாளிலிருந்து இரண்டு வாரத்தைப் புதிதாக எண்ண வேண்டும். ஃப்ரீசருக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சங்கரன் திட்டவில்லை. ஆனால் அந்த ஃப்ரீசர் சாமான்களில் செய்த எதையும் ஒரு மாதம் அவர் தொடவில்லை. ரசமும் அப்பளமுமாகக் காலம் தள்ளினார்.

ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை டோரதி வந்தார். ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு நேரே அந்த டிராயரை இழுத்தார். பறவை இல்லை, அட்டை இருந்தது. படித்தார். மூலையில் இருந்த ஃப்ரீசரைப் பார்த்தார். அதன் மேல் ‘பழுது, புதன் வருகிறார்கள்’ என்று நானே ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தது. புதன் வந்து போய்விட்டது, அவர்கள்தான் வரவில்லை.

“எங்கே?” என்றார்.

பொய் சொல்ல முந்தின இரவே இரண்டு வழி யோசித்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் இரண்டும் மறந்துபோயின. எல்லாவற்றையும் சொன்னேன், தேங்காய் சாதம் உட்பட. தேங்காய்த் துருவல் என்றால் என்ன என்பதற்கே ஐந்து நிமிடம் ஆனது. டோரதியின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. சாவி கிடையாது, ஜூன் மாதம் ஒப்பந்தமும் கிடையாது என்று முடிவே செய்துவிட்டேன்.

“பையைத் திறந்தார்களா?”

“இல்லை.”

“எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?”

“காலையிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம்.”

அட்டையை மேசை மேல் வைத்தார்.

“அந்தக் கர்ப்பிணிப் பெண். ஒரு கையால் தூக்கினாளா, இரண்டு கையாலா?”

“இரண்டு கையால்” என்றேன். “ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு.”

டோரதி பென்சிலை எடுத்தார். ‘ஃப்ரீசர்’ என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே, அவருடைய நேரான எழுத்தில், சன்னிவேல், ஃப்ரீமான்ட், மில்பிடாஸ் என்று வரிசையாக எழுதினார். ‘உருகியது, மீண்டும் உறையவைக்கப்பட்டது’ என்று சேர்த்தார். அட்டையைக் காலி இடத்தில் வைத்து டிராயரை மூடினார்.

“நீ சுருக்கமாக எழுதவில்லை. மறைத்து எழுதினாய்” என்றார். “சாவியை ஆறு மாதம் கழித்துக் கேள்.”

அந்த வாக்கியம் இன்றைக்கும் சுடுகிறது. தகுதியான சூடுதான். இரண்டு வாரம் முடிந்து பறவையைக் கொண்டு வந்து கொடுத்தபோது, வழக்கம்போல முகர்ந்து பார்த்தார். பூஞ்சை இருந்தால் மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“இது என்ன?”

“பெருங்காயம்” என்றேன். “வளைகாப்பு வீட்டு அடுக்களையின் மணம் பையில் ஒட்டியிருக்கிறது. ஒரு செடியின் பிசின்.”

“பூச்சிக்குப் பிடிக்குமா?”

“மனிதர்களுக்கே பழக வேண்டும்.”

அவர் சிரித்ததை என் இருபத்து மூன்று வருடத்தில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறு மாதம் முடிந்த அன்று கேட்கத் தைரியம் வரவில்லை. காலையில் “தகைவிலான் டிராயரைச் சரிபார்” என்றார். இழுத்தேன். பறவை படுத்திருந்தது. அதன் பக்கத்தில் சாவிக்கொத்து, அதற்கும் ஒரு சின்ன அட்டை. நாள், ஊர், யார் கையில் என்று எழுதியிருந்தது. ‘யார் கையில்’ என்ற இடத்தில் செண்பகவல்லி என்று முழுப் பெயர் இருந்தது, ஒரு எழுத்துகூடத் தவறாமல். எங்கே பார்த்துப் பழகினாரோ தெரியாது. ஷென்பா என்றுதான் அன்றும் கூப்பிட்டார். நான் கழிப்பறையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

டோரதி இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் போய்விட்டார். கீர்த்தியின் மகளுக்கு இன்று பதினேழு வயது. அவளிடம் யாராவது தேங்காய் நீட்டினால், “எனக்கு வேண்டாம், அம்மா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டுட்டாங்க” என்று சொல்லும் அளவுக்கு அந்த வீட்டில் கதை ஊறியிருக்கிறது. பிரேமாவுக்கு மட்டும் இன்றுவரை உண்மை தெரியாது. மலர் வெளிவந்தால் தெரிந்துவிடும். மன்னித்துவிடு பிரேமா. கோமதி அக்கா, என்னிடம் நகை எதுவும் கிடையாது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு நேற்று பிரையனுக்குப் பதில் போட்டேன். ‘எழுத்துப்பிழை இல்லை. அது டோரதியின் கை. அந்தப் பறவை மூன்று ஊருக்கும் போய் வந்தது உண்மை. அழிக்காதே.’

அரை மணியில் பதில் வந்தது. பிரையன் காரணம் கேட்கவில்லை. டோரதியின் பெயருக்கு அங்கே இன்னும் அந்த மரியாதை இருக்கிறது. ‘சரி. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் யார் கையில் இருந்தது என்று நிரப்பாமல் கணினி விடாது. சன்னிவேலுக்கு உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். மற்ற இரண்டும்?’

‘ஃப்ரீமான்ட்: கோமதி. திறந்து பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.

‘மில்பிடாஸ்?’

‘கீர்த்தி. இரண்டு கையாலும்.’